தொங்கின கைக்குத் தையல் போட்டுக்கொண்டேன்: டாக்டருக்கு நாலரை ஸ்டார், பில் கவுண்டருக்கு ஒன்று

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஜாக்கெட் தைக்கிறவர் ஒரு நாள் டேப்பை என் மேல்கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒடம்பு நல்லா எளைச்சு 36-க்கு வந்துருச்சுங்க, கை மட்டும் 16-லயே நிக்குது, அத வெச்சுத் தெச்சாத்தான் ஏறும்" என்றார். மனிதர் குத்திக் காட்டவில்லை, அளவுதான் சொன்னார். ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை அந்த 16 மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

முன்கதை சின்னதுதான். 94 கிலோ இருந்தேன், சுகர் எல்லைக்கோட்டில் வந்து நின்றது, பயந்துபோய் ராத்திரிச் சோறை நிறுத்தி, விடிகாலையில் சித்தூர் ரோட்டில் நடந்து நடந்து இரண்டு வருஷத்தில் 67-க்கு வந்தேன். முகம் ஒடுங்கியது, இடுப்பு ஒடுங்கியது. கைக்கு உள்ளே இருந்த கொழுப்பு பெரும்பாலும் போய்விட்டது, அதை மூடியிருந்த தோல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நான் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். போர்டில் வகுத்தல் கணக்கு எழுதும்போது சாக்பீஸ் ஒரு பக்கம் போகும், கைச்சதை அதற்கு எதிர்ப் பக்கம் ஆடும். முதல் பெஞ்சில் இரண்டு வாண்டுகள் அதைப் பார்த்துக் கைக்குள் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்தேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நான் அந்த வயதில் எங்கள் டீச்சரின் கொண்டையைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

மாமியார் "முந்தானையை இழுத்துப் போட்டா முடிஞ்சுது, இதுக்குப் போய் கத்தி வெக்கோணுமா" என்றார். அதையும் ஒரு வருஷம் செய்தேன். ஜிம்மில் டம்பெல் தூக்கவும் போனேன். சொல்லித் தந்த பையன் நல்லவன், ஆறு மாசம் கழித்து அவனே, "அக்கா, உள்ள தசை கெட்டியாயிருக்கு, வெளிய தொங்குறது தோலு, அத டம்பெல் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டான். நான் பார்த்த எல்லாரிலும் காசு வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

ஏனென்றால் அடுத்துப் போனது பாலக்காட்டில் ஒரு ஸ்லிம்மிங் சென்டர். பெயர் வேண்டாம். ஏசி, சந்தன வாசனை, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். டாக்டரா என்று கேட்டால் கவுன்சிலராம். கொழுப்பை உறைய வைக்கும் மெஷினில் ஆறு சிட்டிங் போட்டால் கை ஒட்டிவிடும், கத்தி கிடையாது, தழும்பு கிடையாது, இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் ஒரு சிட்டிங் இலவசம். பாதி மலையாளம், பாதி தமிழில் பேசினாள், கேட்க இனிமையாகத்தான் இருந்தது. என் கையை ஒரு தடவை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மெஷின் மோசடி என்று சொல்ல வரவில்லை. கிரையோலிபாலிசிஸ் என்று பெயர். கொழுப்புச் செல் குளிருக்குத் தோலைவிடச் சீக்கிரம் சாகும் என்பதுதான் அதன் அடிப்படை. குச்சி ஐஸை வாயிலேயே ஒதுக்கிச் சாப்பிடும் குழந்தைகளுக்குக் கன்னத்துக் கொழுப்பு வீங்கி ஒடுங்குவது மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி, அந்தத் துப்பைப் பிடித்துத்தான் அமெரிக்காவில் இதை உருவாக்கினார்கள். மேல்கைக்குப் பயன்படுத்த அந்த நாட்டு மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் அனுமதி கொடுத்தது. செத்த செல்லை உடம்பு மெதுவாக வெளியேற்றும், பலன் தெரிய இரண்டு மூன்று மாசம் ஆகும், கொழுப்பின் கனம் ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ குறையும். சிலருக்கு, அபூர்வமாக, நேர்மாறாக அந்த இடம் கெட்டியாகப் பெருத்தும் போகும். லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற பழைய மாடல் தனக்கு அப்படி ஆனதை 2021-இல் வெளியே சொன்ன பிறகுதான் உலகத்துக்கே அது தெரிந்தது. சரி, எல்லாம் இருக்கட்டும், எனக்குப் பிரச்சினையே தோல். உள்ளே கொழுப்பு அதிகம் இல்லாத கையில் எதை உறைய வைப்பது? கையைத் தொட்டுப் பார்த்திருந்தால் அந்தக் கவுன்சிலருக்கே தெரிந்திருக்கும், தெரிந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம்.

எங்கள் பள்ளியில் ஒரு சின்னப் பெண், 27 வயது, கொச்சியில் கைக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் செய்துகொண்டு வந்தாள். அவளுக்குப் பிரமாதமாக இருக்கிறது, முழங்கைக்கிட்டே மச்சம் மாதிரி ஒரு புள்ளி, அக்குளில் ஒன்று, அவ்வளவுதான். அதைப் பார்த்து எனக்கும் அதுவே போதும் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் டாக்டரைத் தேடினேன். தேடும்போது ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தேன், பெயருக்குப் பின்னால் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. இருக்கிறதா என்று பார்த்தேன். எம்.எஸ். முடித்த பிறகு இதற்கென்றே மூன்று வருஷம் தனியாகப் படிக்கும் படிப்பு அது. 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று போர்டு மாட்டினவர்கள் எல்லாரும் அதைப் படித்தவர்கள் இல்லை. மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், ஐந்து நிமிஷ வேலை.

அப்படித்தான் கோயம்புத்தூரில் இந்த டாக்டரிடம் போனேன். வேலந்தாவளம் வழியாக பஸ், உக்கடத்தில் இறங்கி ஆட்டோ. ஆலோசனைக் கட்டணம் 600. கதவைத் தாழிட்டு, நர்ஸை உள்ளே நிற்க வைத்து, என்னைச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்து நிற்கச் சொன்னார். தொங்கும் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார், விட்டார். மறுபடி முழங்கைக்கிட்டே கிள்ளினார், விட்டார். விட்டதும் அது மெதுவாகத் தளர்ந்து விழுவதை என்னையே கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் ஊதா மார்க்கரை எடுத்து அக்குளிலிருந்து முழங்கை வரை கையின் உள்பக்கமாக ஒரே கோடு இழுத்தார்.

"இதுதாங்க தழும்பு. இவ்வளவு நீளம். இதப் பாத்துட்டு வேணுமா வேணாமான்னு சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

லைபோசக்‌ஷன் போதாதா என்று கேட்டேன். தோல் சுருங்கும் வலு இருந்தால்தான் அது எடுபடும், இளவயது, கொஞ்சம் கொழுப்பு, இழுத்துவிட்டால் டப்பென்று ஒட்டும் தோல் என்றால் அது போதும், உங்களுக்கு உறிஞ்சி எடுத்தால் காற்றுப் போன பை இன்னும் காலியாகும் என்றார். சரி, அக்குளுக்குள்ளேயே தழும்பு ஒளிந்துகொள்ளும் சின்ன அறுவை ஒன்று இருக்கிறதாமே என்றேன், படித்துவிட்டுத்தானே போயிருந்தேன். அது மேல்கையின் மேல் பகுதியில் மட்டும் லேசாகத் தொங்குகிறவர்களுக்கு, உங்களுக்கு முழங்கை வரை தொங்குகிறது, அக்குளில் எவ்வளவு இழுத்தாலும் முழங்கைத் தோல் மேலே வராது, சேலையை இடுப்பில் இழுத்தால் கணுக்காலில் மடிப்புப் போகுமா என்றார். நூறு கிலோவுக்கு மேல் இருந்து பாதியாக இளைத்தவர்களுக்கு அக்குள் தாண்டி விலாப் பக்கமும் கோடு இறங்குமாம், எனக்கு அந்த அளவு வேண்டியதில்லை. ஆக, நடுத்தரம். முழு பிராக்கியோபிளாஸ்டி, அதாவது அக்குளிலிருந்து முழங்கை வரை தொங்கும் தோலை வெட்டித் தைக்கும் அறுவை, கூடவே மிச்சக் கொழுப்புக்குக் கொஞ்சம் லைபோசக்‌ஷன்.

வேறு கேள்விகளும் கேட்டார். எடை ஆறு மாசமாக ஒரே இடத்தில் நிற்கிறதா, சுகர் எவ்வளவு, வீட்டில் யாருக்காவது தழும்பு புடைத்துக் கெலாய்டு ஆகுமா, மார்பில் அறுவை செய்து அக்குள் நெறிக்கட்டியை எடுத்ததுண்டா. அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம் என்றார், நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு, அவர்கள் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். என் காது குத்தின இடத்தைக்கூடத் தடவிப் பார்த்தார், புடைப்பு இருக்கிறதா என்று. நம் நிறத்துத் தோலில் தழும்பு கறுக்கவும் தடிக்கவும் வாய்ப்பு அதிகம் என்பதை மூன்று தடவை சொன்னார். அன்றைக்கு முன்பணம் வாங்க மாட்டேன், ஒரு மாசம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நாலரை ஸ்டாரில் மூன்று அந்த அரை மணி நேரத்துக்கே கொடுத்துவிட்டேன்.

அந்த ஒரு மாசம் தினமும் குளிக்கும்போது கையைத் தூக்கி அந்தக் கோட்டைக் கற்பனை செய்து பார்த்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு பெண் கொழுப்பு எடுக்கப் போய் விரல்களை இழந்த செய்தி 2025-இல் மலையாளச் சானல்களில் ஓடியதே, அது வேறு கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஐசியூ இருக்கிற ஆஸ்பத்திரியா என்று. இருந்தது. மயக்க மருந்து டாக்டர் யார் என்பதையும் முன்கூட்டியே பார்த்துப் பேச வைத்தார்கள்.

கேரளத்தில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. எனக்கு வேறு வழியில்லை, ஏப்ரல் முதல் வாரம் படுத்தேன். உங்களுக்கு வேறு வழி இருந்தால் தயவுசெய்து அந்த மாசம் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

அறுவை நாளன்று மறுபடி பொம்மை மாதிரி நிற்க வைத்துக் கோடு போட்டார், இந்தத் தடவை இரண்டு கோடு, நடுவே நீளமான மீன் வடிவம். அந்த மீன்தான் வெளியே போகிற தோல். கூட எடுத்தால் இரண்டு கரையும் சேராது, குறைத்து எடுத்தால் தொங்கல் நிற்கும், அதனால்தான் உட்கார வைத்து, கையை மடக்கி, நீட்டி, நாலு தடவை அளந்தார். அக்குளில் கோடு நேராகப் போகாமல் கொஞ்சம் வளைந்து ஒடிந்து போனது. நேராகப் போனால் வடு சுருங்கும்போது கையைத் தூக்க விடாமல் கயிறு மாதிரி இழுக்குமாம். இரண்டு கையும் அறுவையில் என்பதால் ட்ரிப்ஸ் ஊசி காலில். நர்ஸ் நம்ம பக்கத்துப் பெண், நெம்மாறையோ எதுவோ, "சேச்சி, பேடிக்கண்டா", அக்கா பயப்படாதீங்க என்று தலையைத் தடவினாள், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. மூன்று மணி நேரம் ஆனதாம்.

லைபோசக்‌ஷனுக்கு முன் உப்புத் தண்ணீரில் மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்து உள்ளே ஏற்றுவார்கள், ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் அதிகம் போகாது. ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் 1987-இல் எழுதின வழி அது. அந்தத் தண்ணீர்தான் மறுநாள் முழுக்கக் கட்டு வழியாக இளஞ்சிவப்பாகக் கசிந்தது. முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் நான் பதறவில்லை, என் நாத்தனார்தான் பதறிப்போய் ஆஸ்பத்திரியையே கூட்டினார்.

வலி நான் பயந்த அளவு இல்லை. கஷ்டம் வேறு இடத்தில். தலை பின்ன முடியாது, முதுகு சொறிய முடியாது, நைட்டியைத் தலை வழியாகப் போட முடியாது. முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த நைட்டி நாலு முன்கூட்டியே தைத்து வைத்துக்கொள்ளுங்கள், இதை எந்த டாக்டரும் சொல்லமாட்டார். தூங்கும்போது இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி அதன்மேல் கையை வைத்து ராஜா மாதிரி படுக்க வேண்டும். விரலெல்லாம் வீங்கும், வளையலையும் மோதிரத்தையும் அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் அந்த இறுக்குச் சட்டை. கம்ப்ரஷன் கார்மென்ட் என்பார்கள், மணிக்கட்டிலிருந்து தோள் தாண்டி மார்புக்குக் கீழே வரை வரும். ராத்திரி பகல் ஆறு வாரம். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், கணவாய்க் காற்று வீசினாலும் அது அடுப்படி ஆவி மாதிரித்தான் வரும். அந்தச் சட்டைக்குள் நான் வெந்தேன். வேர்க்குரு வந்து, சொறியவும் முடியாமல், நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்து ராத்திரி இரண்டு மணிக்கு அழுதிருக்கிறேன். ஆடி மாசம் செய்திருந்தால் பாதிக் கஷ்டம் இருந்திருக்காது.

மூன்றாவது வாரம் இடது அக்குளில் தையல் அரை இஞ்ச் பிரிந்தது. அக்குளில் ஈரமும் அசைவும் அதிகம், அங்கே பிரிவது சகஜம், மறுபடி தைக்கமாட்டோம், கட்டுப் போட்டே ஆற்றுவோம் என்றார்கள். மூன்று வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு. இங்கே உள்ளூர் நர்ஸ் ஒருத்தர் வீட்டுக்கு வந்து போட்டார், நான் போட்டோ எடுத்து அனுப்புவேன், டாக்டர் ராத்திரி பத்து மணிக்குள் பார்த்துப் பதில் போட்டுவிடுவார், ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் தழும்பு அகலம்.

இன்னொன்று. வலது முன்கை உள்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு மரத்துப்போயிருந்தது. தோலுக்கு உணர்ச்சி தரும் ஒரு நரம்பு, ரத்தக்குழாயை ஒட்டி அங்கே ஓடுகிறது, அறுவையில் அது இழுபடலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். இட்லிப் பானையைத் திறந்தபோது ஆவி அடித்தது தெரியவேயில்லை, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரிந்தது. எட்டு மாசத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது, இப்போது எட்டணா அளவு மிச்சம். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க இரண்டு மாசம் ஆனது, தண்ணீர்க் குடம் தூக்க அதற்கும் மேலே.

இனி பில். வாயால் சொன்ன தொகை 1,40,000. கொச்சியில் கேட்டது 2,10,000 என்பதால் எனக்கு இது மலிவாகத் தெரிந்தது. டிஸ்சார்ஜ் அன்று காகிதத்தில் வந்தது 1,65,200. நடுவில் 25,200 என்ன என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதமாம். பிறவிக் குறைக்கோ விபத்துக்கோ செய்தால் வரி இல்லை, அழகுக்கென்றால் உண்டு. சட்டம் அதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. முதலில் சொல்ல என்ன கேடு? "எல்லாருக்கும் தெரியுமே மேடம்" என்றார் கவுண்டரில் இருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். இறுக்குச் சட்டை தனி, 4,500, துவைத்து மாற்ற இரண்டு வேண்டும். தழும்பில் தடவும் சிலிகோன் ஜெல் தனி. வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட நர்ஸுக்கு நான் கொடுத்தது தனி. காப்பீடு பற்றிக் கேட்டதற்கு ஒரு சிரிப்பு. எந்தப் பாலிசியை எடுத்துப் பார்த்தாலும் அழகு அறுவை விலக்குப் பட்டியலில்தான் இருக்கும் என்று எனக்கும் தெரியும், அந்தச் சிரிப்புக்குத்தான் ஒரு ஸ்டார். போகிறவர்கள் வரி, சட்டை, மருந்து எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

பதினாலு மாசம் ஆகிறது. தழும்பு முதல் ஆறு மாசம் செக்கச்செவேலென்று, பயமுறுத்துகிற மாதிரி இருந்தது, இப்போது பழுப்பாகி மெலிந்து ஒரு சணல் நூல் அளவுக்கு வந்திருக்கிறது, இடது அக்குளைத் தவிர. கையைத் தொங்கவிட்டால் தெரியாது, தூக்கினால் தெரியும். வலது முழங்கைக்கிட்டே ஒரு சின்ன மடிப்பு நிற்கிறது, அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போகும் மருந்து போட்டுச் சரி செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். வேண்டாம், போதும். அரை ஸ்டார் அதற்குத்தான் குறைத்தேன். மறுபடி செய்துகொள்வேனா என்றால் செய்துகொள்வேன், ஏப்ரலில் மாட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டாம் நாளே முதல் பெஞ்சு வாண்டு ஒன்று, "டீச்சர், கையில என்ன கோடு?" என்று கேட்டது. ஆபரேஷன் என்றேன். "தெச்சாங்களா?" ஆமாம். "நூலு என்ன கலரு?" அதற்கு மேல் அதற்கு ஆர்வம் இல்லை.

டெய்லரிடம் போனேன். டேப்பைச் சுற்றினார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார், 13 என்று எழுதிக்கொண்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். பழைய ஜாக்கெட் 22-ஐயும் பையோடு கொட்டினேன். கை பிரித்துப் பிடிக்க ஒன்றுக்கு 60 ரூபாயாம். 1,320. இதையும் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் முன்னாடி சொல்லவில்லை.